எட்வர்டு லாஸ்கர்

சதுரங்கம் பயில்வோருள் எட்வர்டு லாஸ்கரின் பெயரை அறியாதார் சிலரே. அவர் தாய்மார்க்குச் செய்த உபகாரத்தை அறிந்தாரும் சிலரே. பச்சிளங் குழவியை வீட்டில் விடுத்து, விடியலிலேயே பருத்திக் காட்டிற்கும் தீப்பெட்டி ஆலைக்கும் செல்லும் தாய்மார் பலர் வாழ்வது நம் கோவில்பட்டிச் சீமை. உச்சிப்பொழுதில் பால் கட்டிக்கொண்டு அவர் படும் வேதனையை நாம் அறிவோம். ஆதலின் இப்பெரியார் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

லாஸ்கர் 1885-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், அக்காலம் ஜெர்மனியைச் சார்ந்ததும் இக்காலம் போலந்தில் உள்ளதுமான கெம்பன் என்னும் ஊரிற் பிறந்தார். பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் யந்திரக் கலை கற்றார். உலக சதுரங்க வீரராய் 27 ஆண்டு விளங்கிய இமானுவேல் லாஸ்கர் வேறொருவர், இவர்க்கு நண்பர். 1912-இல் லண்டனில் ஸர் ஜார்ஜ் தாமஸ் என்பாருடன் ஆடியபோது, இவர் தம் ராணியையே பலிகொடுத்து, எதிரியின் அரசனைப் பலகையின் மறுகோடிவரை ஈர்த்துவந்து, 18-ஆவது நகர்விற் சிறைப்படுத்தினார். அவ்வாட்டம் இன்றும் போற்றிப் பயிலப்படுகின்றது.

1914-இல் அமெரிக்கா சென்று சிகாகோவிற் பொறியாளராய் அமர்ந்தார். குறைமாதத்திற் பிறந்த சிசுக்களுக்குத் தாய்ப்பாலே உயிர். ஆயினும் உறிஞ்சும் வலிமை அவற்றிற்கு இல்லை. பாலைப் பிறிதொரு வழியால் எடுத்தே புகட்டல் வேண்டும். பால் எடுக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 1854-இலேயே உரிமைப்பத்திரம் வழங்கப்பட்டிருந்தது. ஆனால் கையால் இயக்கும் அக்கருவிகள் பாலை முழுதும் எடுக்கவில்லை. பால் எஞ்சி நிற்பின் நாளடைவிற் சுரப்பும் குன்றும். இடைவிடாது இழுப்பின் காம்பு புண்படும்.

லாஸ்கர் குழந்தையையே ஆசானாகக் கொண்டார். குழந்தை ஓயாது இழுப்பதில்லை. உறிஞ்சும், விடும், மீண்டும் உறிஞ்சும். அந்த லயத்தைப் பின்பற்றி இயங்கும் யந்திரம் ஒன்றை 1921-க்கும் 1923-க்கும் இடையே இயற்றினார். வைத்தியர் அதனை முந்திய கருவிகளினும் மிக மேம்பட்டதென ஏற்றனர். பல சிசுக்கள் பிழைத்தன. 1927-இல் உரிமைப்பத்திரமும் கிடைத்தது. அந்த 1923-இலேதான், அமெரிக்க வீரர் பட்டத்திற்காக மார்ஷலுடன் ஆடி, ஒரே புள்ளியால் தோற்றார். கைதவறிய பட்டத்தினும் இவர் இயற்றிய யந்திரமே பெரிதென்பது நம் துணிபு.

பின்னர் 1956-இல் சுவீடன் நாட்டு எக்னல் என்பார் பால் எடுக்கும் முறைகளை ஆராய்ந்து கட்டுரை வரைந்து, இக்கலையை மேலும் வளர்த்தார். லாஸ்கரோ 1981-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், தம் 95-ஆம் வயதில், நியூயார்க்கில் இறைவனடி சேர்ந்தார்.

இக்காலத்துக் கருவிகள் கைப்பையில் அடங்குவன. எனினும் அன்றாடக் கூலி பெறுவாள் ஒருத்திக்கு அவற்றின் விலை எளிதன்று. காட்டில் மின்சாரம் ஏது? மறைவிடந்தான் ஏது? எடுத்த பால் மிதமான வெப்பத்திற்கூட 4 மணி நேரமே கெடாதிருக்கும். கரிசற் பூமியின் கோடையில் அவ்வளவும் தாங்காது. விலை குறைந்து, வலி தவிர்த்து, பாலைக் குளிரக் காக்கும் கருவி இன்னும் நம் தாய்மார் கைக்கு எட்டவில்லை. லாஸ்கர் குழந்தையை உற்று நோக்கித் தொடங்கினார். விஞ்ஞானம் பயிலும் நம் மாணவ சகோதர சகோதரிகள், காட்டு வரப்பில் வலியோடு அமர்ந்திருக்கும் தாயை உற்று நோக்கித் தொடங்குவாராக.