அம்மையார் கைவிட்டார், அறிவு கைவிடவில்லை!

அன்னிபெசண்ட் அம்மையார் என்றதும் நம் தோழர்களுக்கு நினைவில் எழுவது எது? அடையாற்று ஆலமரம்! பிரம்மஞான சபை! 1916-இல் எழுந்த ஹோம்ரூல் முழக்கம்! அந்த முழக்கத்தை எதிர்த்து நீதிக்கட்சியினர் தொடுத்த போர்! அந்தப் போரில் நமது அணி எது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், எதிரணியில் நின்றவர் என்பதற்காக ஒருவர் ஆற்றிய அரும்பணியை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகல்ல. அடையாற்றுக்கு வருமுன் அந்த அம்மையார் இலண்டனிலே நடத்திய ஒரு வழக்கை உழைக்கும் தோழர்கள் அறிந்திடல் வேண்டும். அது தாய்மார்களின் வழக்கு!

1847-இல் இலண்டனில் பிறந்தவர் அவர். இருபது வயதில், பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியாருக்கு மனைவியாக்கப்பட்டார். மூன்றாண்டு முடியுமுன் ஓர் ஆண், ஒரு பெண் என இரு பிள்ளைகள். பெண் குழந்தை மேபெல் கக்குவான் இருமலில் துடித்தபோது தாயின் உள்ளத்தில் கேள்வி பிறந்தது: கள்ளமறியாக் குழந்தைக்கு ஏன் இந்தத் துன்பம்? கேள்வி வளர்ந்தது, நம்பிக்கை தளர்ந்தது. 1873-இல் பாதிரியார் வீட்டை விட்டு வெளியேறினார். நாத்திகப் பெருவீரர் சார்லஸ் பிராட்லாவின் தோழரானார்.

சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர், கரு எப்படி உருவாகிறது, அதைத் தள்ளிப்போடுவது எப்படி என்று விளக்கி 1832-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டிருந்தார். அதை விற்ற பிரிஸ்டல் நகரப் புத்தக வியாபாரி ஒருவர் தண்டிக்கப்பட்டார். பிறர் அஞ்சினர், பெசண்டும் பிராட்லாவும் அஞ்சவில்லை. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 1877 மார்ச் மாதம் ஆறு பென்னி விலையில் அந்த நூலை விற்றனர்.

ஆறு பென்னி! அங்கேதான் ஆத்திரம்! மாளிகைவாசிகளின் அலமாரியில் விலையுயர்ந்த மருத்துவ நூல்கள் இருக்கலாம்; அது அறிவு. அதே செய்தி ஆலைத் தொழிலாளியின் மனைவிக்குக் கிடைத்தால், அது ஆபாசம்! மலிவு விலையையே குற்றத்துக்குச் சான்றாகக் காட்டி வாதாடியது அரசுத் தரப்பு.

பெண்கள் வழக்கறிஞராக முடியாத காலம் அது. முப்பது வயது நிரம்பாத அந்தப் பெண் தானே எழுந்து தனக்காக வாதாடினார். ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று உருக்குலையும் ஏழைத் தாய்மார்களை, பாலின்றி மடியும் பச்சிளங் குழந்தைகளை அந்த மன்றத்தின் முன் நிறுத்தினார். தீர்ப்பு? ஆறு மாதச் சிறை, இருநூறு பவுன் அபராதம்! 1878-இல் மேல்முறையீட்டில், குற்றச்சாட்டை வரைந்த முறையில் இருந்த பிழையால் தண்டனை வீழ்ந்தது. அதற்குள் நூல் இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் பரவிவிட்டது.

சிறை தப்பியது, சேய் தப்பவில்லை. நாத்திகம் பேசியவள், அந்த நூலை வெளியிட்டவள் என்று காரணம் காட்டி, அதே 1878-இல் எட்டு வயதுகூட நிரம்பாத மேபெலைத் தாயிடமிருந்து பிரித்தது நீதிமன்றம். தாய்மார்களுக்காக வாதாடியவருக்குத் தாய்மையே அபராதம்! வயது வந்தபின் மகள் தாயிடமே திரும்பினாள் என்பதும் வரலாறு.

அம்மையார் ஓயவில்லை. மக்கள்தொகை பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். அதுவும் இலட்சத்தைத் தாண்டி விற்றது. 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார்.

பிறகு நேர்ந்ததுதான் விந்தை! பிரம்மஞானத்தில் மூழ்கிய அம்மையார், 1891-இல் தம் நூலைத் தாமே விற்பனையிலிருந்து விலக்கிக் கொண்டார். 1893-இல் இந்தியா வந்தார்; 1933-இல் அடையாற்றில் மறைந்தார். அறிவை அவர் கைவிட்டார். ஆனால், ஏற்றியவரே ஊதினாலும் அணையாத விளக்கும் உண்டு!

அந்த விளக்கு முழு ஒளி பெற்றிராத காலமும் இருந்தது. இரு மாதவிலக்குகளுக்கு நடுப்பட்ட நாட்களில் கரு தங்காது என்று அந்நாளைய மருத்துவர் பலர் நம்பினர். உண்மை நேர்மாறு! அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது. அதையொட்டிய நாட்களே கரு தரிக்கும் நாட்கள். இதை 1920-களில் ஜப்பானின் ஓகினோவும் ஆஸ்திரியாவின் நாஸும் தனித்தனியே ஆராய்ந்து உரைத்தனர். நாள் எண்ணுவது மட்டும் முழுக்காவல் ஆகாது; விலக்கு நாள் பிறழும், கணக்கும் பிறழும். முப்பத்தைந்து வயதுக்குப்பின் கருவளம் விரைந்து குறையும் என்பதும் அதே அறிவின் மற்றொரு பக்கம். தள்ளிப்போட விரும்பும் பெண்ணுக்கு இவ்விரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நாட்டின் உணவுக் கணக்குக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் தந்தை பெரியார். அந்தக் கோணத்தில் பார்த்தால், 1877-இல் வழக்காடிய அம்மையார் நமக்கு அயலார் அல்லர்.

தோழர்களே! மணம் முடிந்து மூன்று மாதம் ஆகுமுன், வீட்டில் விசேஷம் உண்டா என்று ஊர் கேட்கும், உற்றார் கேட்பர். அவர்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையில் மட்டும் விழலாமா? சங்கத்திலே உரிமை பேசுகிற நாம், வீட்டிலே முதலாளி ஆகலாமா? எப்போது தாயாவது என்பதைச் சுமப்பவள் சொல்லட்டும். அவள் சொல்லுக்குத் துணை நிற்பதே நமது கடமை!