குமரப்பா கண்ட கிராமக் கணக்கு

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழருள் கணக்கும் தணிக்கையும் தொழிலாகக் கொண்டோர் மிகப் பலர். நம் காலனியிலும் அத்தகையோருக்குக் குறைவில்லை. அவ்வாறு பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்திய தமிழர் ஒருவர், தம் கணக்கறிவு முழுவதையும் இந்நாட்டுக் குடியானவனுக்கு உரிமையாக்கினார். அவரே பொருளியல் அறிஞர் ஜே. ஸி. குமரப்பா. அவருடைய வரலாற்றை ஆண்டு விழா நாளில் நினைவு கூர்வது நமக்குப் பொருத்தமேயாகும்.

1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் என்பதே அன்று அவர் பெயர். லண்டனில் தணிக்கைத் தொழில் கற்றுப் பம்பாய் திரும்பினார். மேனாட்டு உடையும் வாழ்வும் அவருக்கு இயல்பாகிவிட்டிருந்தன. 1927ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று மேற்படிப்பை மேற்கொண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மன் என்பாரின் கீழ், பாரத நாட்டின் வறுமைக்கும் சர்க்காரின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி அவர் மனத்தையே மாற்றிற்று. தாயகம் திரும்பியபின் குமரப்பா என்ற முன்னோர் பெயரை ஏற்றார்.

1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். தம் ஆராய்ச்சி நூலை அச்சேற்ற வழி தேடி வந்தவருக்கு, குஜராத்தில் ஒரு தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராயும் பணி காத்திருந்தது. குஜராத்தி மொழி அறியாத தம்மால் எவ்வாறு இயலும் என்று அவர் தயங்கினார். குஜராத் வித்யாபீட மாணவர் துணை நிற்க, பணி தொடங்கலாயிற்று.

அப்பணியின் அருமையை உணர அக்கால நிலையை நாம் அறிதல் வேண்டும். பார்டோலி தாலுகாவில் சர்க்கார் நிலவரியை 22 சதவீதம் உயர்த்திற்று. 1928இல் உழவர்கள் வரி கொடாது அறப்போர் புரிந்தனர். பின்னர் நடந்த விசாரணையில், உயர்வுக்கு ஆதாரமாகக் காட்டிய குத்தகைக் கணக்கே நம்பத்தக்கதன்று எனத் தெரிந்தது. உயர்வு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. ஒரு தவறான கணக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பை அணைக்கவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே குமரப்பா கச்சேரி ஏடுகளோடு நின்றுவிடவில்லை. கேடா ஜில்லா மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களில் அவருடைய குழுவினர் விவரம் திரட்டினர். நிலம் எவ்வளவு, விளைவு எவ்வளவு, கால்நடை எத்தனை, கடன் யாது என்று கேட்டெழுதினர். உழவனும் அவன் மனைவி மக்களும் வயலில் சிந்தும் உழைப்புக்கும் கூலி உண்டு என்பது அவர் கொள்கை. அதனையும் செலவில் சேர்த்துப் பார்த்தால், நிலவரி மிச்சத்திலிருந்து அன்று, உழவனின் உணவிலிருந்தே செலுத்தப்படுகிறது என்பது புலனாயிற்று. 1931இல் வெளிவந்த அவ்வறிக்கை இந்நாட்டுக் கிராம ஆய்வுகளுள் முன்னோடியாகத் திகழ்கிறது.

பின்னர்ச் சிறைவாசம் பன்முறை நேர்ந்தது. 1934இல் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் பொறுப்பை ஏற்றார். கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம் ஆகியவற்றை அவர் போற்றியது பழமைப் பற்றினால் மட்டுமன்று. உண்போர்க்குச் சத்தும், கிராமத்தார்க்கு வேலையும் ஒருங்கே கிட்டும் என்ற கணக்கினாலேயே. ஒரு வட்டாரத்து மக்களுக்குச் சமநிலை உணவளிக்க எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று வகுத்து, அதன்படி சாகுபடியைத் திட்டமிடவேண்டும் என்றார். ஆலைக்கான பயிர் அடுத்த இடத்தையே பெறும்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். 1949இல் வெளியான அதன் அறிக்கை இடைத்தரகரை அகற்றவும், நிலத்தை உழுவோனுக்கே உரிமையாக்கவும், உடைமைக்கு உச்சவரம்பு விதிக்கவும் பரிந்துரைத்தது. வயலில் ஓரளவேனும் உடலுழைப்புத் தருவோரையே சொந்தச் சாகுபடியாளராகக் கொள்ளவேண்டும் எனவும் வரையறுத்தது. ஜமீன்தாரி ஒழிப்பு பெரும்பாலும் நிறைவேறிற்று. ஆனால் சொந்தச் சாகுபடி என்ற சொல்லுக்குப் பல மாநிலச் சட்டங்கள் நெகிழ்ச்சியான பொருள் கொண்டமையால், குத்தகையாளர் பலர் நிலமிழந்து வெளியேற நேர்ந்தது. ஆராய்ந்தறிந்தோர் சொல்லை அரைகுறையாக ஏற்பதன் விளைவு இது.

இறுதிக்காலத்தை மதுரை ஜில்லா கல்லுப்பட்டி காந்தி நிகேதன ஆசிரமத்தில் கழித்த குமரப்பா, 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில் மறைந்தார்.

நெல், கோதுமை முதலியவற்றுக்கு மத்திய அரசு அறிவிக்கும் ஆதரவு விலைக்கு, உழவரிடம் திரட்டும் சாகுபடிச் செலவுக் கணக்கும் இன்று ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் அதில் சேர்கிறது. அம்முறை குமரப்பாவிடமிருந்தே வந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் மாத்தரில் அவர் எழுப்பிய வினாவே அதிலும் ஒலிக்கிறது. நகரில் விலை கொடுத்து அரிசி வாங்கும் நாம், அது மலிவா என்று வினவுவதோடு அமையாது, விளைத்தவனுக்குக் கட்டிற்றா என்றும் வினவுவோமாக. அந்த மாமனிதருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவேயாம்.