தப்பிச் செல்ல மறுத்த 'கொரியாவின் காந்தி' சோ மான் சிக்

1946-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கொரியாவின் வடபகுதியில் உள்ள பியோங்யாங் நகரின் கோரியோ ஹோட்டலில் 62 வயது முதியவர் ஒருவர் காவலில் வைக்கப்பட்டார். ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அந்த நகரமே அவரைத் தன் தலைவராக ஏற்றிருந்தது. தெற்கே தப்பிச் செல்லும்படி நண்பர்களும் மாணவர்களும் எவ்வளவோ கெஞ்சினார்கள். அவர் போகவில்லை.

அவர் பெயர் சோ மான் சிக். கொரிய மக்கள் அவரைக் 'கொரியாவின் காந்தி' என்று அழைத்தார்கள்.

துணிக்கடையில் தொடங்கிய வாழ்க்கை

1883-இல் பியோங்யாங்கிற்கு அருகிலுள்ள காங்சோ பகுதியில் சோ மான் சிக் பிறந்தார். பதின்ம வயதிலேயே துணி வியாபாரத்தில் இறங்கினார். கையில் காசு புரண்டது. கூடவே குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1904-இல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதிய போர் கொரிய மண்ணையும் மிதித்தது. அந்தக் காலத்தில்தான் அவர் கிறிஸ்துவ மதத்தைத் தழுவினார். குடியை அடியோடு விட்டார். இருபது வயதைத் தாண்டிய பிறகு, பியோங்யாங்கில் மிஷனரிகள் நடத்திய சூங்சில் பள்ளியில் சேர்ந்து படித்தார்.

அப்போது பியோங்யாங்கிற்குக் 'கிழக்கின் ஜெருசலேம்' என்றே பெயர். 1907-இல் அங்கு எழுந்த சமய எழுச்சி நாடு முழுவதும் பரவியது. கிறிஸ்துவம் கொரியாவில் வேகமாக வளர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. ஆசியாவின் பல நாடுகளில் அது ஆள வந்த வெள்ளையரின் மதமாகப் பார்க்கப்பட்டது. கொரியாவை அடிமைப்படுத்தியதோ ஜப்பான். அதனால் தேவாலயம் அந்நியரின் இடமாகத் தெரியவில்லை. வேதாகமம் சாமானியர் படிக்கக்கூடிய ஹங்குல் எழுத்தில் அச்சானது. அதைப் படிப்பதற்காகவே ஏழைகளும் பெண்களும் எழுத்தறிவு பெற்றார்கள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன.

தோக்கியோவில் அறிமுகமான காந்தி

மேற்படிப்புக்காக ஜப்பான் சென்ற சோ மான் சிக், தோக்கியோவின் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1913-இல் தேறினார். அங்கேதான் காந்தியின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. காந்தி அப்போது தென்னாப்பிரிக்காவில் அறவழிப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம்.

இதற்கிடையே 1910-இல் கொரியாவை ஜப்பான் முழுமையாக விழுங்கிவிட்டது. மலாயா மூன்றரை ஆண்டுகள் பட்ட ஜப்பானியர் ஆட்சியைக் கொரிய மக்கள் 35 ஆண்டுகள் சுமந்தார்கள்.

சட்டம் படித்தவர் வழக்கறிஞராகிச் சம்பாதித்திருக்கலாம். அவரோ ஊர் திரும்பி, ஓசான் பள்ளியில் சம்பளம் வாங்காமல் ஆசிரியரானார். பிறகு அதன் தலைமையாசிரியர் பொறுப்பையும் ஏற்றார். மாணவர்களோடு விடுதியிலேயே தங்கினார். 1919-இல் கொரியா முழுவதும் விடுதலைப் போராட்டம் வெடித்தது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்துவர்கள். ஓசான் பள்ளியை நிறுவிய யி சுங் ஹுனும் அவர்களில் ஒருவர். அந்தப் போராட்டத்தில் இறங்கிய சோ மான் சிக்கும் சிறைக்குப் போனார்.

சொந்த நாட்டுப் பொருள்

விடுதலையாகி வந்ததும் 1920-இல் பியோங்யாங்கில் கொரியப் பொருள் ஆதரவு இயக்கத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் நெய்த துணியை உடுத்துவோம், நம் நாட்டுப் பொருளை வாங்குவோம், குடியையும் புகையையும் விடுவோம் என்பதே அதன் அழைப்பு. ஒரு காலத்தில் துணி விற்றவர் இப்போது நாட்டுப் பருத்தித் துணியை மட்டுமே உடுத்தினார். துணி வீணாகக் கூடாது என்று தம் மேலங்கியின் நீளத்தையும் குறைத்துக்கொண்டார். அவருடைய பெயர் அட்டைகூடக் கொரியக் காகிதத்தில்தான் அச்சானது.

இயக்கம் நாடெங்கும் பரவியது. குறைகளும் இருந்தன. உள்ளூர்ப் பொருளுக்குத் தேவை கூடியதும் விலை ஏறியது. லாபம் வியாபாரிகளுக்கு, பாரம் ஏழைகளுக்கு என்று இடதுசாரிகள் குறை கூறினார்கள். ஆனாலும் சோ மான் சிக்கின் எளிய வாழ்க்கையை யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

வணங்க மறுத்த தேவாலயம்

1930-களில் ஜப்பானிய அரசு, ஷிண்டோ ஆலயங்களில் எல்லாரும் வணங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 1938-இல் போலீசாரின் நெருக்குதலுக்கு நடுவே பிரஸ்பிடேரியன் சபையின் பொதுப் பேரவையே இதற்கு இணங்கிவிட்டது. சோ மான் சிக் மூப்பராக இருந்த சான்ஜோங்ஹியோன் தேவாலயமோ இணங்க மறுத்தது. அதன் போதகர் ஜூ கி சோல், ஓசான் பள்ளியில் சோ மான் சிக்கிடம் பாடம் படித்தவர். இப்போது அந்த மாணவரின் பிரசங்கத்தை ஆசிரியர் கீழே அமர்ந்து கேட்டார். தேவாலயம் மூடப்பட்டது. போதகர் 1944-இல் சிறையிலேயே இறந்தார். கொரியர்கள் தங்கள் பெயரை ஜப்பானியப் பெயராக மாற்ற வேண்டும் என்ற உத்தரவுக்கும் சோ மான் சிக் பணியவில்லை.

விடுதலையும் பிரிவினையும்

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. பியோங்யாங்கில் அமைதி காக்க ஜப்பானிய ஆளுநரே நாடியது சோ மான் சிக்கைத்தான். அவர் தலைமையில் மக்கள் குழு அமைந்தது. ஆனால் 38-ஆவது அட்சரேகையில் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தெற்கே அமெரிக்கப் படையும் வடக்கே சோவியத் படையும் வந்தன.

அக்டோபரில் பியோங்யாங்கில் பெரிய பொதுக்கூட்டம் நடந்தது. அதில்தான் 33 வயது கிம் இல் சுங் மக்களுக்கு அறிமுகம் செய்து வைக்கப்பட்டார். அந்த மேடையில் சோ மான் சிக்கும் இருந்தார். கிம் இல் சுங்கின் தாயாரும் கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். தந்தை அதே சூங்சில் பள்ளியில் படித்தவர்.

நவம்பரில் சோ மான் சிக் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். டிசம்பரில் மாஸ்கோவிலிருந்து ஒரு முடிவு வந்தது. ஐந்து ஆண்டுகள் வரை நான்கு வல்லரசுகள் கொரியாவை மேற்பார்வை செய்யும் என்பதே அது. ஒப்புக்கொண்டால் உயர் பதவி காத்திருந்தது. ஒரு அந்நியர் போய் நான்கு அந்நியர் வருவதை அவர் ஏற்கவில்லை. ஜனவரியில் ஹோட்டல் காவல் தொடங்கியது. அவருடைய கட்சி, கிம் இல் சுங்கின் தோழர் சோய் யோங் கோனின் கைக்குப் போனது. அவரும் ஓசான் பள்ளியில் படித்தவரே.

வடக்கிலுள்ள மக்களை விட்டுத் தாம் மட்டும் போக முடியாது என்பதில் சோ மான் சிக் உறுதியாக இருந்தார். ஆனால் மனைவி மக்களைத் தெற்கே போகச் சொன்னார். பிரியும்போது தம் தலைமுடியில் கொஞ்சத்தை வெட்டி மனைவியிடம் கொடுத்தார்.

கடைசி நாட்கள்

1950 ஜூன் மாதம் வட கொரியா ஒரு பேரத்தை அறிவித்தது. தெற்கில் பிடிபட்ட இரண்டு கம்யூனிஸ்ட் தலைவர்களை ஒப்படைத்தால் சோ மான் சிக்கை விடுவிப்போம் என்றது. பேச்சு முடிவதற்குள் ஜூன் 25-இல் போர் மூண்டது. அக்டோபரில் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கிய வட கொரியப் படையினரால் அவர் கொல்லப்பட்டார் என்றே நம்பப்படுகிறது. உடல் கிடைக்கவில்லை.

அவர் நேசித்த வடக்குக் கிறிஸ்துவர்கள் பெருந்திரளாகத் தெற்கே ஓடினார்கள். ஓசான் பள்ளியின் மற்றொரு மாணவரான போதகர் ஹான் கியுங் சிக், 1945 டிசம்பரில் 27 அகதிகளோடு சியோலில் தொடங்கிய சபையே இன்றைய பெரிய யோங்னாக் தேவாலயம். 2015 கணக்கெடுப்பின்படி, தென் கொரிய மக்களில் நூற்றுக்கு 28 பேர் கிறிஸ்துவர்கள். 'கிழக்கின் ஜெருசலேம்' என்று பெயர் பெற்ற பியோங்யாங்கிலோ அந்தப் பழைய தேவாலயங்கள் இல்லை.

1970-இல் தென் கொரிய அரசு சோ மான் சிக்கிற்கு உயரிய விருது அளித்துக் கௌரவித்தது. 1991-இல் சியோல் தேசியக் கல்லறையில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அடக்கம் செய்ய உடல் இல்லை. மனைவி 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாத்து வைத்திருந்த அந்தத் தலைமுடியே அங்கு அடக்கம் செய்யப்பட்டது.