பி.ஏ. முடிக்காத அத்தியட்சர்

1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கல்கத்தா நகரின் புனித பவுல் பேராலயத்தில் பெரிய கூட்டம். ஆங்கிலேய அத்தியட்சர்கள் அங்கி தரித்து வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் நடுவே முழங்காலில் இருப்பவர் ஒரு தமிழர். வயது 38. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரிக்காட்டை அடுத்த வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தவர்.

அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அதுவரை ஓர் இந்தியர் அத்தியட்சராக ஆனதே இல்லை. முதல் ஆள் அவர். வெள்ளைக்காரப் பாதிரிமாரில் பலருக்கு இந்த நியமனம் பிடிக்கவில்லை. நம்மவர்களிலும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

அவரிடம் அன்று எல்லாம் இருந்தது. நாவன்மை இருந்தது. உலகம் சுற்றிய அனுபவம் இருந்தது. ஆனால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள பி.ஏ. என்ற இரண்டு எழுத்து மட்டும் இல்லை. கல்லூரிக்குப் போகாததால் அல்ல. போனார், நன்றாகவே படித்தார். கரைக்கு வந்த நேரத்தில் படகு கவிழ்ந்துவிட்டது.

பதிமூன்று வருஷம் காத்திருந்த பிள்ளை

அசரியாவின் தகப்பனார் தாமஸ் வேதநாயகம். இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்ற மிஷனெரி நடத்திய பள்ளியில் படிக்கப் போனார். அங்கேயே கிறிஸ்தவரானார். ஆசிரியரின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பிற்பாடு குருப்பட்டம் பெற்று, வெள்ளாளன்விளையில் சபை ஐயராக இருந்தார்.

தாயார் எலன். முதலில் ஒரு பெண் குழந்தை. அதன் பிறகு 13 வருஷம் பிள்ளை இல்லை. 1874-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. வேதாகமத்தில் அன்னாள் வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயர் சாமுவேல். அதே பெயரை வைத்தார்கள்.

அந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செம்மணல், பனை, உச்சி வெயில். பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த ஜனங்கள். அந்தப் பனங்காட்டுக்குள் பள்ளிக்கூடம் வந்தது பெரிய சமாசாரம். பனையேறியின் மகன் சிலேட்டைப் பிடித்தான். உபதேசியார் ஆனான், வாத்தியார் ஆனான். அதற்கு மேலே போக வேண்டுமானால்தான் வழி குறுகியது.

1889-ல் தகப்பனார் காலமானார். பையனுக்கு வயது 15 கூட நிறைந்திருக்குமோ என்னவோ. தாயார் மிஷன் விடுதியில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து மகனைப் படிக்க வைத்தார். பிள்ளைகள் வரிசையாகச் சாப்பிட உட்காருவதையும், படுக்கையைச் சுருட்டுவதையும் மேற்பார்த்த அதே கண்டிப்பு மகன் மேலும் இருந்தது.

பள்ளியில் படிக்கும்போதே ஜாதி வித்தியாசம் பாராட்டக் கூடாது என்று தோழர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார் அசரியா. விடுதிச் சாப்பாட்டுப் பந்தியில் கூட ஜாதி பார்த்த காலம் அது.

இரண்டாம் தரக் கல்லூரி

இங்கே அந்தக் காலத்துப் படிப்பு முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சென்னை சர்வகலாசாலை 1857-ல் ஏற்பட்டது. முதலில் மெட்ரிக்குலேஷன். அதில் தேறினால் இரண்டு வருஷம் எப்.ஏ. அதிலும் தேறினால் இன்னும் இரண்டு வருஷம் பி.ஏ. எப்.ஏ. வரை மட்டும் சொல்லிக் கொடுத்த கல்லூரிக்கு இரண்டாம் தரக் கல்லூரி என்று பெயர். பி.ஏ. வரை உள்ளது முதல் தரக் கல்லூரி. தரம் என்றதும் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல ஆசிரியர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஏணியில் பாதிப் படிகள்தான் இருந்தன, அவ்வளவுதான்.

அசரியா படித்த திருநெல்வேலி சர்ச் மிஷன் கல்லூரி இந்த இரண்டாம் தரத்தைச் சேர்ந்தது. ஊரில் இருந்த இந்துக் கல்லூரியும் அப்போது அதே தரம்தான். மேலே படிக்க ஆசைப்பட்ட பையன்களில் பெரும்பாலோர் திருச்சிக்கோ சென்னைக்கோ மூட்டை கட்ட வேண்டும்.

இந்தப் பாதி ஏணியை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினாறு வயதுப் பையனை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்ப எந்த ஏழைத் தாய்க்கு மனம் வரும், கையில் காசுதான் ஏது? இரண்டு வருஷம் பக்கத்திலேயே படித்துத் தன்னைக் காட்டிக்கொண்டால், பிறகு பெரிய இடத்துக்குத் துணிந்து அனுப்பலாம். தத்துவப் பேராசிரியராக இருந்து ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் தொடங்கித்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். சர் சி. வி. ராமன் விசாகப்பட்டினத்தில் எப்.ஏ. முடித்துவிட்டுத்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஓர் ஏற்பாடு பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்தது. 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் இரண்டு வருஷப் படிப்புக்கு ஒரு கல்லூரி திறந்தார்கள். இன்று அந்த நாட்டில் அப்படிப்பட்ட சமுதாயக் கல்லூரிகள் ஏராளம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அங்கே ஆனர்ஸ் என்று தனிப் பாடத்திட்டம் உண்டு. அதில் நல்ல பெயர் எடுத்தால் பெரிய சர்வகலாசாலையில் மூன்றாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். நம் நாட்டில் பின்னாளில் வந்த பி.ஏ. ஆனர்ஸ் வகுப்போ ஒரு சில பெரிய கல்லூரிகளில்தான் இருந்தது. மற்றவர்கள் ரெயில் ஏறித்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சென்னையில்

அசரியாவும் ரெயில் ஏறினார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. 1937-ல்தான் அங்கே போயிற்று. அசரியா சேர்ந்தபோது அது சென்னை எஸ்பிளனேடில் இருந்தது. டாக்டர் வில்லியம் மில்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தலைவர். தென்னிந்தியாவில் அந்தக் கல்லூரிக்கு இருந்த மதிப்பே தனி.

தேரிக்காட்டுப் பையனுக்குப் பட்டணம் புதிது. அவர் எடுத்துக்கொண்ட பாடம் கணிதம். சேலத்திலிருந்து வந்த கே. டி. பால் அங்கே நண்பரானார். பிற்காலத்தில் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன அதே கே. டி. பால்தான். பாடம் ஒரு பக்கம், மாணவர் கூட்டங்கள் ஒரு பக்கம் என்று நாட்கள் ஓடின.

கடைசிப் பரீட்சை வந்தது. அந்தச் சமயம் பார்த்து அசரியாவுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. கணிதப் பரீட்சை கை நழுவிப் போயிற்று. பட்டம் இல்லை.

கூடப் படித்தவர்கள் அங்கி போட்டுப் பட்டம் வாங்கினார்கள். பி.ஏ. என்றால் அன்று சர்க்கார் உத்தியோகம், தலைமை ஆசிரியர் பதவி, ஊரில் ராஜ மரியாதை. விதவைத் தாய் விடுதியில் உழைத்து அனுப்பிய காசுக்குப் பலன் அந்த ஒரு காகிதத்தில்தான் இருந்தது. அடுத்த பரீட்சைக்கு ஒரு வருஷம் காத்திருந்தால் எழுதியிருக்கலாம். அவர் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்கத் தோன்றும். அதற்குள் அவரை வேறொரு வேலை இழுத்துக்கொண்டது. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் காரியதரிசியானார். வயது 21. தென்னாட்டு ஊர்களையெல்லாம் சுற்றினார். கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களிடம் பேசினார். அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி அவருக்கு உயிர்த்தோழரானார். இப்படிப் பதினாலு வருஷம். தகப்பனார் பட்டம் வாங்கு என்று வற்புறுத்த உயிரோடு இருந்திருந்தால் அவர் எங்காவது ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக உட்கார்ந்திருப்பாரோ என்னவோ!

1898-ல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன் முதலாகக் கல்லூரிப் படிப்பில் காலெடுத்து வைத்தவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். கணவருக்குக் கடைசி வரை வலது கையாக இருந்தவர் அவர்தான்.

யாழ்ப்பாணத்தில் விழுந்த பொறி

1902-ல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். சுருக்கென்றது. திருநெல்வேலிச் சபை எவ்வளவு பெரியது! இருந்தும் எல்லாவற்றுக்கும் சீமையைப் பார்த்தல்லவா கை நீட்டுகிறது!

ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டினார். 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்மவர், பணமும் நம்மவர் பணம். 1905-ல் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் ஏற்பட்டது. அதிலும் அவர் முன்னணியில் நின்றார்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் ஐதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் டோர்ணக்கல் என்ற ரெயில் ஜங்ஷன் பக்கம். தெலுங்குச் சீமை. 1909-ல் குருப்பட்டம் பெற்று அங்கே குடியேறினார். பிறரை அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் இருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. முப்பத்தைந்து வயதில் அயல் மொழிக்காரர் நடுவே வாழப் போனார்.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. அசரியா மேடை ஏறினார். வெள்ளைக்காரர்கள் தானமாகக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். அதோடு நிற்கவில்லை. இந்தியத் தோழனை அவர்கள் சமமாக உட்கார வைத்துப் பழகவில்லை என்பதையும் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். சபை திடுக்கிட்டது. சிலருக்குக் கோபம் கூட வந்தது. அந்தப் பேச்சு இன்றுவரை உலகச் சபை வரலாற்றில் பேசப்படுகிறது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் கல்கத்தாவில் அந்த ஞாயிற்றுக்கிழமை.

டோர்ணக்கல்லில் பள்ளிக்கூடங்கள்

அத்தியட்சரானதும் அசரியா மாளிகையில் உட்காரவில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகச் சென்றார். அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்ற தாழ்த்தப்பட்ட ஜனங்கள். எழுத்து வாசனையே காட்டாமல் வைக்கப்பட்டிருந்தவர்கள்.

அங்கே அவருக்கு வெள்ளாளன்விளை ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெஞ்ஞானபுரத்துப் பள்ளிக்கூடம் தன் தகப்பனாரை எப்படித் தூக்கிவிட்டது என்பது அவருக்கு வீட்டுக் கதை. ஊருக்கு ஒரு வாத்தியார் என்பதே அவர் திட்டம். 1935-ம் ஆண்டுவாக்கில் அவருடைய அத்தியட்சாதீனத்தில் 2,000-க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்கள் இருந்தார்கள். இந்தியக் குருமார் 250 பேர். மருந்தகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சுக்கூடங்கள் வேறு.

அந்த வாத்தியார்களில் எத்தனை பேர் பி.ஏ. படித்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே நினைக்கிறேன். பள்ளிகளில் புத்தகப் படிப்போடு கைவேலையும் வயல் வேலையும் சேர்ந்தே நடந்தன. பட்டம் இல்லாமலும் ஒருவன் பிரயோசனப்படலாம் என்பது அசரியா தன் உடம்பில் அனுபவித்த பாடம். ஆனால் படிப்பே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டும் வேறு வேறு.

எல்லாரும் அவரோடு ஒத்துப்போனார்கள் என்று சொல்ல முடியாது. மதமாற்றம் விஷயத்தில் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை கடுமையாகவே இருந்தது. இருவரும் தங்கள் நிலையை விட்டுக் கொடுக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் கொடுத்தது

1920-ல் அசரியா இங்கிலாந்து போயிருந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு எல்எல்.டி. என்ற கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

சென்னையில் ஒரு கணிதப் பரீட்சையால் பட்டம் இழந்தவர் கேம்பிரிட்ஜில் செம்மேலங்கி போர்த்து நின்றார். இன்னொரு தமிழரின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. கணித மேதை ராமானுஜன் கணிதத்தில் நூற்றுக்கு நூறு, மற்றப் பாடங்களில் கோட்டை. எப்.ஏ.யைத் தாண்ட முடியாமல் சென்னையில் தவித்தார். அவருக்கும் 1916-ல் கேம்பிரிட்ஜ்தான் பி.ஏ. பட்டம் கொடுத்தது. நம் பரீட்சை மண்டபங்கள் இருவரையுமே வெளியே அனுப்பியிருந்தன. சீமைக்காரனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அது போகட்டும்.

ஊர் திரும்பிய அசரியா மறுபடியும் மாட்டு வண்டி ஏறினார். டோர்ணக்கல்லில் ஒரு பேராலயமும் கட்டி வந்தார். கோயில் தூணும் மசூதிக் கும்மட்டமும் சிலுவையும் ஒன்றாகச் சேர்ந்த கட்டடம். பணம் சேரச் சேர வேலை நடந்ததால் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1939-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பிரதிஷ்டை நடந்தது.

தென்னிந்தியாவில் பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க 1919-ல் தரங்கம்பாடியில் கூடிப் பேசியவர்களில் அசரியா முக்கியமானவர். அந்த ஐக்கியம் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, வருஷப் பிறப்பு நாளில், டோர்ணக்கல்லில் காலமானார். வயது 70. முப்பத்திரண்டு வருஷம் அத்தியட்சராக இருந்தவர். எல்எல்.டி. இருந்தது. சென்னை சர்வகலாசாலையின் பி.ஏ. மட்டும் கடைசிவரை வந்து சேரவில்லை.