அடைக்கலம் தந்த அம்மையார்

சட்டம் ஒன்று வந்துவிட்டால் தீமை தானே அகலும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றைப் படித்தபின் என்னால் அவ்வாறு எண்ண இயலவில்லை.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆடவரே பயின்ற மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

அந்நாளில் அறியாச் சிறுமியருக்குக் கோயிலில் பொட்டுக் கட்டினர். பெயரோ இறைப்பணி, பருவம் எய்தியபின் பலர் செல்வரின் இச்சைக்கு இரையாயினர். 1927-இல் சென்னைச் சட்டமன்றத் துணைத் தலைவரான அம்மையார் இதனை எதிர்த்துப் போராடினார். கோயில் பணிக்குப் பெண்ணை அனுப்பினால்தான் மானிய நிலம் நிலைக்கும் என்ற கட்டு, அவர் முயற்சியால் 1929-இல் சட்டத்தின் வழி அறுந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஊர் ஊராகச் சென்று இக்கொடுமையைச் சாடினார்.

1930-இல் காந்தியடிகள் கைதானதும் அம்மையார் பதவியைத் துறந்தார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. தேவதாசிக் குலச் சிறுமியர் சிலர் அடைக்கலம் நாடி வந்தனர். அவர்தம் பிறப்பைக் காட்டி விடுதிகள் கதவடைத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களை ஏற்றுக்கொண்டார். இவ்வாறு மலர்ந்ததே அவ்வை இல்லம்.

பொட்டுக் கட்டுவதை அறவே தடுக்கும் சட்டமோ 1947-இல்தான் வந்தது. இடையே ஏறத்தாழ 17 ஆண்டுகள்! அச்சிறுமியர் சட்டத்திற்காகக் காத்திருந்தால் அவர்களது இளமையே கழிந்திருக்கும். அன்றிரவு அவர்களுக்கு வேண்டியது உறங்க ஓர் இடம். மறுநாள் வேண்டியது படிக்க ஒரு பள்ளி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் ஓர் இடம் கிடைத்திராவிட்டால் என் படிப்பு பள்ளியோடு முடிந்திருக்கும். ஆதலால் திறந்த கதவின் அருமை எனக்குத் தெரியும்.

அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையும் கண்ட அம்மையார் 1968-இல் மறைந்தார். ஆசை வார்த்தை கூறிப் பிள்ளைகளைக் கடத்தி விற்கும் கொடுமை இன்னும் மறையவில்லை. ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்வது நம் கடன். மீண்டு வரும் பெண்ணை ஊரார் பழித்து ஒதுக்கினால், அவளை மீண்டும் அப்படுகுழிக்கே அனுப்புகிறோம். மாணவத் தோழர்களே, அவள் நம் வகுப்பில் வந்து அமர்ந்தால் பழங்கதை கேளாமல் பாடக் குறிப்பை நீட்டுவோம்!