கடிகாரம் கழற்றிய சிறுமி

மறுநாள் இடுபணியை ஒப்படைக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி பொருத்தி, இயங்குதளம் நிறுவிய என் கணினியோ அடிக்கடி நின்றுபோனது. இருமுறை மீண்டும் நிறுவியும் பயனில்லை. அப்போதுதான் கிரேஸ் ஹாப்பர் நினைவுக்கு வந்தார்.

1906இல் நியூயார்க்கில் பிறந்த அவர், ஏழு வயதிலேயே வீட்டு அலாரக் கடிகாரங்களைக் கழற்றி ஆராய்ந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். 1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினி பழுதானபோது, ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியை அவருடைய குழுவினர் கண்டெடுத்து, பதிவேட்டில் ஒட்டிவைத்தனர். 1952இல் முதல் கம்பைலர்களுள் ஒன்றை உருவாக்கினார். 79 வயதுவரை கடற்படையில் பணியாற்றி, 1992இல் மறைந்தார்.

நானும் ஊகிப்பதை விட்டு, பிழைக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, பாகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கோளாறு எஸ்எஸ்டியில் இல்லை. அதைப் பொருத்தும்போது கைபட்டு ரேம் தளர்ந்திருந்தது. அழுத்திப் பொருத்தினேன். இடுபணி நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.