ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

காளவாசல் சிக்னலில் பஸ்ஸுக்கு நிக்கும்போது அந்தப் பேரை யோசிச்சிருக்கீங்களா? காளவாசல்னா சூளை. 24 செங்கலை மிச்சமில்லாம சம வரிசைகளா அடுக்கச் சொன்னா 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு விதமா வரிசை போடலாம். 23 செங்கல்னா ஒரே வரிசையா நீட்டணும், இல்லைன்னா வரிசைக்கு ஒண்ணுதான். 24-க்குக் கீழே எட்டு காரணி உள்ள எண்ணே கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாரையும் காரணி எண்ணிக்கையில் முந்துகிற எண்தான் உயர் பகு எண். அதைத் தோண்டித் துருவியவர் நம்ம ராமானுஜன்.

1887-ல் ஈரோட்டில் பிறந்தது, கும்பகோணத்தில் வளர்ந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அரியர் வச்சிருக்கவங்க மட்டும் இதைக் கவனிங்க. கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பனில் சேர்ந்தார்; அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. டிகிரி இல்லை, 1909-ல் ஜானகியோடு கல்யாணம், கையில் வேலை இல்லை. 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் ஹார்டிக்குக் கடிதம், 1914-ல் கேம்பிரிட்ஜ்.

1915-ல் உயர் பகு எண்கள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. அதில் கையாலேயே போட்ட ஒரு அட்டவணை. அதன் கடைசி எண் 6746328388800. நம்ம வழக்கில் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூத்தி முப்பத்திரண்டு கோடியும் சொச்சமும்.

இதைப் பிரிச்சுப் பாருங்க: 2-ன் அடுக்கு 6, 3-ன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. அடுக்குகள் இறங்கு வரிசையில் வருது பார்த்தீங்களா? பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு கொடுத்தா, ரெண்டையும் இடம் மாத்தி அதே அளவு காரணியோட சின்ன எண் ஒண்ணு செஞ்சிடலாம். அதனால் வேற வழியே இல்லை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒண்ணு கூட்டிப் பெருக்கினா காரணிகள் 10080. அதுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது முக்கியமா இந்தக் கட்டுரைக்குத்தான். அதுவும் முழுசா அச்சாகலை. கழகத்தில் பணத் தட்டுப்பாடு. மிச்சப் பகுதி 1997-ல்தான் இதழில் வெளியானது. அவர் 1920-லேயே, 32 வயசில், சென்னையில் போயாச்சு.

இன்னொரு விஷயம். அந்த அட்டவணையில் ஒரு எண் விடுபட்டுப் போச்சு: 293318625600. அதுக்குக் காரணிகள் 5040, கடைசி எண்ணுக்குச் சரிபாதி. சந்தேகம்னா போனில் கால்குலேட்டரை எடுத்து அந்தக் கடைசி எண்ணை 23-ஆல வகுத்துப் பாருங்க. விட்டுப்போனது அப்படியே வந்து நிக்கும்.